கருவி பழுதாகவில்லை: விண்டோஸை மாற்றிய பின் தராசையும் பில் இயந்திரத்தையும் கணினி ஏன் காணவில்லை?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதையொட்டிக் கடைகளிலும் சங்கங்களிலும் வீடுகளிலும் உள்ள கணினிகள் விண்டோஸ் 11க்கு மாற்றப்பட்டு வருகின்றன. மாற்றிய பிறகு சில இடங்களில் ஒரே மாதிரியான முறைப்பாடு எழுகிறது. கணினி நன்றாக வேலை செய்கிறது, இணையமும் வருகிறது. ஆனால் தராசில் வைத்த பொருளின் நிறை திரையில் விழவில்லை. பில் இயந்திரம் பேசாமல் கிடக்கிறது. வடிவங்களைக் கணினியிலிருந்து பெறும் பழைய எம்பிராய்டரி இயந்திரம் எதையும் பெறவில்லை. கேட்டல் பரிசோதனைக் கருவியின் முடிவுகள் பதிவாகவில்லை.

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவற்றில் பல, கணினியோடு சீரியல் போர்ட் என்ற பழைய வழியில் பேசுகின்றன.

வடக்கு, கிழக்கில் இத்தகைய கருவிகள் பல வழிகளில் வந்து சேர்ந்தவை. சில போருக்குப் பின்னரான வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவை. சில வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை. சில கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியவை. தந்த திட்டம் முடிந்துவிட்டது, பழக்கிவிட்டவர் இடம் மாறிவிட்டார். இந்த நிலையில் "போர்ட் போயிட்டுது, புதுசா ஒண்டு எடுங்கோ" என்று ஒருவர் சொன்னால், அதை ஏற்பதைத் தவிர வழியில்லை என்றே தோன்றும். புதிதாக வாங்க முடியாத குடும்பத்துக்கு அந்த ஒரு சொல்லோடு தொழில் நின்றுபோகிறது.

நேற்றுவரை வேலை செய்த கருவி, இயங்குதளத்தை மாற்றிய அதே நாளில் தானாகப் பழுதாவது அரிது. கருவிக்கும் கணினிக்கும் இடையில் உள்ள ஏதோ ஒரு கண்ணிதான் விடுபட்டிருக்கும். அது எது என்பதை ஒழுங்காகத் தேடினால், பணம் செலவழிக்காமலே அல்லது மிகச் சிறிய செலவில் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

கணினி தராசைக் காண்பதே இல்லை

சீரியல் போர்ட்டின் அடிப்படையான ஆர்எஸ்-232 என்ற தரநிலை 1960இல் உருவானது. ஒரு வயரில் ஒன்றன்பின் ஒன்றாக மின்துடிப்புகளை அனுப்புவதே அதன் வேலை. ஐபிஎம் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஏடி கணினியோடு ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய பிளக் பரவலானது. ஒன்பது ஊசிகள் இருந்தாலும் பல கருவிகளுக்கு மூன்றே போதும்: தரவைப் பெற ஒன்று, அனுப்ப ஒன்று, பொதுத் தரைக்கு ஒன்று.

1996இல் யுஎஸ்பி வந்தது. யுஎஸ்பி கருவி ஒன்றைச் செருகியவுடன் அது தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது. தயாரிப்பாளரின் இலக்கம் இது, கருவியின் இலக்கம் இது என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி அந்த இலக்கங்களுக்குப் பொருத்தமான டிரைவரை, அதாவது அந்தக் கருவியை இயக்கும் சிறு மென்பொருளைத் தேடி எடுத்துக்கொள்கிறது.

பழைய சீரியல் கருவிகளிடம் இந்தப் பழக்கம் இல்லை. தராசு தன் பெயரைச் சொல்வதில்லை. வாசலில் ஒரு கதவு இருக்கிறது என்பது மட்டுமே கணினிக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நிற்பது தராசா, பில் இயந்திரமா, அல்லது ஒருவருமே இல்லையா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே "கணினி தராசைக் கண்டுபிடிக்கவில்லை" என்று நாம் சொல்லும்போது, உண்மையில் கணினி கண்டுபிடிக்காதது அந்தக் கதவைத்தான்.

இன்றைய மடிகணினிகளில் ஒன்பது ஊசிப் பிளக் இருப்பதில்லை. எனவே ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஒன்பது ஊசிகளும் கொண்ட மாற்றி வயரைப் பாவிக்கிறோம். அந்த வயரின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. கணினிக்குத் தெரியும் கதவு அந்தச் சிப்தான்.

இந்தச் சங்கிலியில் கருவி, வயர், சிப், டிரைவர், போர்ட் இலக்கம், மென்பொருள் என ஆறு கண்ணிகள் உண்டு. இயங்குதளத்தை மாற்றுவது முதல் மூன்றையும் தொடுவதில்லை. கடைசி மூன்றையும்தான் தொடுகிறது. தேடலை அங்கிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள்

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, மாற்றி வயரை ஒருமுறை கழற்றி மீண்டும் செருகுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

ஒன்று, எந்த மாற்றமும் தெரியாது. செருகும் சத்தமும் கேட்காது. அப்படியானால் வேறொரு யுஎஸ்பி துளையிலும், முடிந்தால் வேறொரு கணினியிலும் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதைத் தவிர்த்து நேரடியாகச் செருகுங்கள். எங்கும் தெரியாவிட்டால் மட்டுமே வயரைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு, "அதர் டிவைசஸ்" என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் தோன்றும். சிப் தன்னை அறிமுகம் செய்துவிட்டது, டிரைவர்தான் இல்லை என்பது இதன் பொருள்.

மூன்று, "போர்ட்ஸ்" என்பதன் கீழேயே தோன்றும், ஆனால் மஞ்சள் முக்கோணத்தோடு. டிரைவர் இருக்கிறது, ஆனால் அந்தச் சிப்போடு வேலை செய்ய மறுக்கிறது.

நான்கு, "போர்ட்ஸ்" என்பதன் கீழ் எந்த முக்கோணமும் இன்றி, கொம் 5 போன்ற ஓர் இலக்கத்தோடு தோன்றும். அப்படியென்றால் கதவு திறந்தே இருக்கிறது. மென்பொருள் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

டிரைவர் இல்லாவிட்டால்

மஞ்சள் முக்கோணம் உள்ள பெயரில் வலது சொடுக்கி, புரொப்பர்ட்டீஸ், பிறகு டீடெயில்ஸ் பகுதிக்குச் சென்று ஹார்ட்வெயார் ஐடியைத் தெரிவு செய்யுங்கள். அங்கே விஐடி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு குறிகள் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். 067பி என்றால் புரொலிபிக். 0403 என்றால் எஃப்டிடிஐ. 1ஏ86 என்றால் சிஎச்340 வகையைத் தயாரிக்கும் சீனாவின் டபிள்யூசிஎச். 10சி4 என்றால் சிலிக்கன் லாப்ஸ். தராசில் எந்த நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தாலும், உங்களுக்குத் தேவையான டிரைவர் இந்தச் சிப் நிறுவனத்தினுடையதே.

அதை அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது முதலில் வரும் "எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பிக்கும்" மென்பொருள்களை நிறுவ வேண்டாம். காசு பறிப்பவையும் தீங்கு செய்பவையும் அவற்றுள் உண்டு. தொலைவிலிருந்து திருத்தித் தருவதாகச் சொல்லும் அறியாதவருக்கு உங்கள் கணினியைத் திறந்துவிடவும் வேண்டாம்.

கருவியோடு வந்த பழைய சீடி உதவாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 வரை 32 பிட், 64 பிட் என இரண்டு வகைகள் இருந்தன. 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11இல் 64 பிட் மட்டுமே உண்டு. 32 பிட் டிரைவர்கள் அதில் ஏறாது. தொண்ணூறுகளில் எழுதப்பட்ட 16 பிட் மென்பொருள்களும் ஓடாது. உங்கள் பழைய கணினி 32 பிட் விண்டோஸில் ஓடியிருந்தால், அந்தச் சீடியை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. புதிய 64 பிட் டிரைவரையே தேட வேண்டும்.

டிரைவர் மறுத்தால்: போலிச் சிப்பின் கதை

பிஎல்2303 என்ற புரொலிபிக் சிப் உலகெங்கும் மலிவான மாற்றி வயர்களில் பாவிக்கப்பட்டது. அதன் போலிகளும் பெருகின. போலிகளைத் தடுக்க, அந்த நிறுவனம் தன் புதிய டிரைவர்களில் பழைய வகைச் சிப்புகளுக்கான ஆதரவை நிறுத்தியது. இதனால் விண்டோஸ் 8, 10 ஆகியவற்றில் அவ்வகை வயரைச் செருகினால் "கோட் 10" என்ற பிழை வந்தது. விண்டோஸ் 11இல், இந்தச் சிப் 2012இலேயே கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் போர்ட்டின் பெயருக்குப் பதிலாகவே தோன்றுகிறது.

எஃப்டிடிஐ நிறுவனம் 2014இல் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர் போலிச் சிப்புகளின் அடையாள இலக்கத்தையே பூச்சியமாக மாற்றிவிட்டது. அதன் பின் அந்த வயர்கள் வேறு கணினியிலும் வேலை செய்யவில்லை. கடும் எதிர்ப்பு எழவே அந்த டிரைவர் மீளப் பெறப்பட்டது. போலியைச் செய்தவர் யாரோ, இழப்பு வந்ததோ அறியாமல் வாங்கிய பாவனையாளருக்கு.

பாவனையாளருக்கு இங்கே இரண்டு வழிகள் உள்ளன. டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரை வலது சொடுக்கி, டிரைவரைப் புதுப்பிக்கும் பகுதியில், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தெரிவு செய்கிறேன் என்ற வழியாகப் பழைய பதிப்பைத் தெரிவு செய்யலாம். பிஎல்2303க்கு 3.3.2.105, 3.3.11.152 ஆகிய பழைய பதிப்புகளைப் பலர் பாவித்துவந்துள்ளனர். ஆனால் விண்டோஸ் அப்டேட் சில நாட்களில் புதியதை மீண்டும் ஏற்றிவிடக்கூடும். அப்போது திரும்பவும் செய்ய வேண்டும்.

நிலையான வழி மாற்றி வயரை மட்டும் மாற்றுவது. தராசின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. வாங்கும்போது எந்தச் சிப் உள்ளது, விண்டோஸ் 11இல் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். ஆர்எஸ்-232 வயரா என்பதையும் உறுதிசெய்யுங்கள். மின்னணுப் பயிற்சிப் பலகைகளுக்கென விற்கப்படும் 5 வோல்ட் மாற்றிகளும் ஒரே மாதிரித் தோன்றும். ஆர்எஸ்-232 கருவியிலிருந்து வரும் கூடிய மின்னழுத்தம் அவற்றைக் கெடுத்துவிடும்.

கதவின் இலக்கம் மாறினால்

முக்கோணம் ஏதும் இல்லாதபோது முதலில் பார்க்க வேண்டியது கொம் இலக்கம். முன்பு கொம் 3 ஆக இருந்தது மாற்றத்தின் பின் கொம் 7 ஆகியிருக்கலாம். வயரை வேறு யுஎஸ்பி துளையில் செருகினாலும் இலக்கம் மாறக்கூடும். பில் மென்பொருளோ பழைய இலக்கத்தையே நினைவில் வைத்திருக்கும்.

மென்பொருளின் அமைப்புகளில் இலக்கத்தை மாற்ற முடிந்தால் அதுவே இலகு. கொம் 1 முதல் கொம் 4 வரை மட்டுமே ஏற்கும் பழைய மென்பொருளாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் புரொப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று சென்று இலக்கத்தை மாற்றுங்கள். "பாவனையில் உள்ளது" என்று காட்டினால், பெரும்பாலும் அது எப்போதோ செருகப்பட்டு இப்போது இல்லாத ஒரு கருவியின் பதிவு. வியூ பட்டியலில் மறைந்துள்ள கருவிகளைக் காட்டச் சொன்னால் அவை மங்கலாகத் தெரியும். தேவையற்றதை நீக்கிவிட்டு இலக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். "அக்சஸ் டினைட்" என்று வந்தால், வேறொரு மென்பொருள் பின்னால் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு துண்டு வயரால் செய்யும் சோதனை

பழுது கணினிப் பக்கமா கருவிப் பக்கமா என்று யாரையும் கேட்காமல் நீங்களே அறிய ஒரு வழி உண்டு. மாற்றி வயரிலிருந்து தராசைக் கழற்றிவிடுங்கள். ஊசிகள் தெரியும் பிளக்கை, ஐந்து ஊசிகள் உள்ள வரிசை மேலே இருக்கும்படி உங்களை நோக்கிப் பிடியுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஊசி தரவைப் பெறுவது, மூன்றாவது அனுப்புவது. இந்த இரண்டையும் மட்டும் ஒரு சிறு வயர்த்துண்டால் இணையுங்கள்.

'பட்டி' எனப்படும் இலவச மென்பொருளில் சீரியல் என்பதைத் தெரிவு செய்து, கொம் இலக்கத்தைக் கொடுத்துத் திறந்து, ஏதாவது எழுத்துகளைத் தட்டுங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வருவதால் எழுத்துகள் திரையில் தோன்ற வேண்டும். வயர்த்துண்டை எடுத்தவுடன் அவை தோன்றாமல் நிற்க வேண்டும். அப்படி நடந்தால் சிப், டிரைவர், போர்ட் இலக்கம் மூன்றும் நன்றாக உள்ளன.

பிறகு தராசை இணைத்து, அதே மென்பொருளில் அதன் தரவு வருகிறதா என்று பாருங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. 9600 வேகம், 8 தரவு பிட், பரிட்டி இல்லை, 1 ஸ்டொப் பிட் என்பது பரவலான அமைப்பு. ஆனால் கருவிக்குக் கருவி மாறும், அதன் கைநூலைப் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் தராசுக்கும் மாற்றிக்கும் இடையிலுள்ள வயரைப் பாருங்கள். நேர் வயரும் குறுக்கு வயரும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும்.

இன்னொரு விசித்திரமான பழுதும் உண்டு. தராசை இணைத்தவுடன் மௌஸின் அம்பு திரையெங்கும் துள்ளி, தானாகவே சொடுக்கத் தொடங்கும். பலர் இதை வைரஸ் என்று பயப்படுவார்கள். சில தராசுகள் நிறையை இடைவிடாது அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தரவை விண்டோஸ் பழைய காலத்துச் சீரியல் மௌஸ் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் மௌஸ் பகுதியில் தோன்றும் "சீரியல் பால்பொயின்ட்" என்பதை டிசேபிள் செய்தால் துள்ளல் நின்றுவிடும்.

லினக்ஸுக்கு மாறியவர்களுக்கு

விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. அதனால் பழைய கணினிகளில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவோரும் உள்ளனர். மேலே சொன்ன சிப்புகளுக்கான டிரைவர்கள் லினக்ஸிலேயே அடங்கியுள்ளன. ஆனால் புதிதாக நிறுவிய கணினியில் சாதாரண பாவனையாளருக்குப் போர்ட்டைத் திறக்க அனுமதி இருக்காது. 'டயல்அவுட்' என்ற குழுவில் அவரது பெயரைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04க்கு மாறிய பலருக்கு வேறொரு சிக்கல் வந்தது. சிஎச்340 சிப் கொண்ட வயரைச் செருகினால், போர்ட் ஒரு கணம் தோன்றி உடனே மறைந்துவிடும். பிரெயில் வாசிப்புக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பிஆர்எல்டிடிவை என்ற சேவையே இதற்குக் காரணம். பார்வையற்றோருக்கான ஒரு வாசிப்புக் கருவியும் இதே சிப்பை, இதே அடையாள இலக்கத்தோடு பாவிக்கிறது. ஆகவே தராசின் வயரைச் செருகினாலும், பிரெயில் கருவி வந்துவிட்டது என்று அந்தச் சேவை போர்ட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

அந்தச் சேவையை நீக்கிவிடுங்கள் என்பதே இதற்கு வழமையாகச் சொல்லப்படும் தீர்வு. அந்தக் கணினியைப் பார்வையற்ற எவரும் பாவிப்பதில்லை என்றால் அது சரி. போரில் பார்வையிழந்தவர்கள் எங்களிடையே வாழ்கிறார்கள். சங்க அலுவலகத்திலோ பயிற்சி நிலையத்திலோ உள்ள பொதுக் கணினியில் இதைச் செய்யுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரெயில் கருவி பாவிக்கும் ஒருவருக்கு அந்தச் சேவை இல்லாத கணினி வெறும் பெட்டிதான். சேவையை வைத்துக்கொண்டு, அந்த ஒரு சிப்புக்குரிய விதியை மட்டும் நிறுத்தவும் முடியும். பிரெயில் கருவியே அந்தச் சிப்பைப் பாவித்தால், இரண்டையும் வெவ்வேறு கணினிகளில் வைப்பது இலகு.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

இன்னும் விண்டோஸை மாற்றாதவர்கள், கருவி வேலை செய்யும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறந்து நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: சிப்பின் பெயர், டிரைவரின் பதிப்பு, கொம் இலக்கம், வேகம் முதலான அமைப்புகள். தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் போதும். டிரைவரின் பிரதியையும் பில் மென்பொருளின் தரவையும் ஒரு பென் டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டுத் தொழில் நின்றிருந்தால், திரும்பிச் செல்ல வழி உண்டு. மாற்றிய 10 நாட்களுக்குள், செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பகுதியில் உள்ள "கோ பாக்" மூலம் விண்டோஸ் 10க்கே திரும்பலாம். அதன் பின் அந்த வழி மூடப்பட்டுவிடும். ஆகவே 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விட்டுவிடாமல், மாற்றிய அன்றே ஒவ்வொரு கருவியையும் சோதித்துவிடுங்கள்.

எதுவுமே சரிவராவிட்டால், பழைய விண்டோஸ் உள்ள கணினி ஒன்றை இணையத்தோடு இணைக்காமல் தராசுக்கென மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினிக்கு ஆபத்து பெரும்பாலும் இணையம் வழியாகவும், வெளியிலிருந்து வரும் பென் டிரைவ் வழியாகவுமே வருகிறது. இரண்டையும் தவிர்த்தால் அது இன்னும் பல காலம் உழைக்கும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் நாங்கள். அன்று பொருள் வராததால் திருத்தினோம். இன்று எல்லாம் கடையில் இருக்கிறது, பலரிடம் வாங்கப் பணம்தான் இல்லை. ஒரு கிராமத்தில் ஒருவர் இந்தச் சோதனைகளைப் பழகிக்கொண்டால், அங்குள்ள சங்கத்துக்கும் கடைக்கும் தையல் நிலையத்துக்கும் அது உதவும். அவர் எழுதிய சிப்பின் பெயரையும் கொம் இலக்கத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கருவியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கணினி மாறும்போது, அல்லது பாவிக்கும் ஆள் மாறும்போது, அந்தத் துண்டு அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும்.